போர்க்கவசம் உடம்போடு ஒத்துப்போகவில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

இங்கே பேசப்போவது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுமார் 1370 முதல் 1380 வரை, இங்கிலாந்திலும் பிரான்சிலும் போர்வீரர்கள் அணிந்த முழுக் கவசத்தைப் பற்றி. மத்தியகாலப் போர்களை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் குழுக்களில் இந்தக் காலகட்டத்துக்குத் தனி ஈர்ப்பு உண்டு. கல்லறைச் சிலைகள், ஓவியங்கள், எஞ்சியிருக்கும் கவசங்கள், புதைகுழிகளிலிருந்து எடுத்த உடைகள் என்று ஆதாரங்கள் பல திசைகளிலிருந்தும் கிடைக்கின்றன. ஆனால் அணிவதற்குச் சிக்கலான காலமும் இதுதான். சிறு இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையக் கவசம் பின்வாங்கி, தகட்டுக் கவசம் முன்னுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. துணி, பஞ்சு, வளையம், தகடு என்று நான்கைந்து அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக உட்கார்ந்தால்தான் மனிதன் அசைய முடியும்.

புதிதாகக் கவசம் சேர்ப்பவர்கள் ஏதாவது இடித்தால் உடனே சுத்தியலை எடுக்கிறார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். இந்த வேலையில் கோளாறு தென்படும் இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் வேறு. பெரும்பாலும் அது ஓர் அடுக்கு உள்ளே இருக்கும். தகட்டைத் தட்டி வளைத்துவிட்டால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது கடினம். துணியைப் பிரித்து மறுபடியும் தைத்துவிடலாம்.

ஆகவே முதலில் எல்லாவற்றையும் கழற்றுங்கள். லினன் உள்சட்டை, உள்காற்சட்டை, கம்பளிக் காலுறை, பஞ்சடைத்த அங்கி, கால் கவசம், வளையக் கவசம், மார்புத் தகடு, கைக் கவசம், தலைக்கவசம், கையுறை என்ற வரிசையில் ஒவ்வொன்றாக அணியுங்கள். ஒவ்வோர் அடுக்கும் ஏறியதும் மூன்று அசைவுகளைச் செய்து பாருங்கள்: இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குவது, குந்தி எழுவது, இடுப்பைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. எந்த அடுக்கு ஏறியதும் அசைவு தடைபடுகிறதோ, அதிலும் அதற்கு அடியில் இருப்பதிலும்தான் தேட வேண்டும்.

அறிகுறி: நடக்க நடக்கத் தொடைத் தகடு கீழே இறங்குகிறது

மிக அதிகமாகக் கேட்கும் புகார் இது. கட்டும்போது முழங்கால் தகடு மூட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் இரண்டு விரல் இறங்கியிருக்கும். அதன் பிறகு குந்த முடியாது. தகட்டின் விளிம்பு மூட்டுக்குக் கீழே எலும்பில் கடிக்கும். உடனே தொடைக்குப் பின்னால் இருக்கும் வாரை இன்னும் ஒரு துளை இறுக்குவார்கள். கால் மரத்துப்போகும், தகடு அப்போதும் இறங்கும். தொடை மேலே பருத்துக் கீழே சிறுத்திருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் வார் சிறுத்த பக்கம்தான் போகும். அந்த வாரின் வேலை தகட்டைக் காலோடு அணைத்துப் பிடிப்பது மட்டுமே. எடையைத் தாங்க வேண்டியது இடுப்பு.

கால் கவசத்தின் மேல் விளிம்பில் உள்ள தோல் பட்டையின் துளைகள் வழியாக நாடா கோத்து, பஞ்சடைத்த அங்கியின் கீழ்ப்பகுதியில் கட்டித் தொங்கவிடுவதே முறை. அப்படிக் கட்டியும் இறங்கினால் குற்றவாளி நாடாவா அங்கியா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சாக்பீஸ் போதும். அங்கியின்மேல், இடுப்பெலும்பின் முனை துருத்தும் இடத்துக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். கால் கவசத்தைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் வேகமாக நடங்கள். பிறகு எலும்பைத் தொட்டுப் பாருங்கள். கோடும் எலும்பைவிட்டுக் கீழே இறங்கியிருந்தால் அங்கி வழுக்குகிறது. கோடு அதே இடத்தில் இருக்க, தகடு மட்டும் இறங்கியிருந்தால் நாடா நீண்டிருக்கிறது.

நாடாதான் காரணம் என்றால் வேலை எளிது. தோல் நாடா வியர்வையில் நனைந்தால் நீளும். மெழுகு தேய்த்த லினன் நூலைப் பின்னிச் செய்த நாடாவுக்கு மாறுங்கள். முன்பக்கம் ஒரு கட்டு, வெளிப்பக்கம் ஒரு கட்டு என்று குறைந்தது இரண்டு கட்டுகள் இருக்க வேண்டும். ஒரே கட்டில் தொங்கினால் தகடு சுழலும்.

அங்கிதான் வழுக்குகிறது என்றால் அதன் இடுப்பு தளர்வாக இருக்கிறது. வயிற்றுக்கு மேல், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, உடம்பு ஒடுங்கும் இடத்தில் அங்கி பற்றிப் பிடிக்க வேண்டும். அந்தக் காலத்துச் சிலைகளிலும் ஓவியங்களிலும் மார்பு புடைத்து இடை சிறுத்துத் தெரிவது அழகுக்காக மட்டும் அல்ல. கால்களின் இரும்பு முழுவதும் அந்தச் சிறுத்த இடையில்தான் தொங்குகிறது. இருபுறமும் பக்கத் தையலைப் பிரித்து, இடையில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துத் தையுங்கள். ஒரே தடவையில் அதிகம் பிடித்தால் மூச்சு முட்டும். அகலமான தோல் பெல்ட்டில் கால் கவசத்தைத் தொங்கவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் காட்சிக்கு அது தாங்கும். நாள் முழுதும் நடப்பதற்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: கை தலைக்கு மேல் எழவில்லை, எழுந்தால் அங்கி முழுவதும் மேலே வருகிறது

கைக் கவசத்தைக் கழற்றிவிட்டு மறுபடி தூக்கிப் பாருங்கள். அப்போதும் தடை இருந்தால் தகட்டின்மேல் பழி இல்லை. அக்குள் வெட்டுதான் காரணம். இன்றைய சட்டையைப் போலத் தோள் முனையில் கையை இணைத்து, அக்குளில் தாராளமாக இடம் விட்டுத் தைத்தால் துணி அக்குளுக்குக் கீழே தொங்கும். கையைத் தூக்கும்போது தொங்கும் அந்தத் துணிதான் முழு அங்கியையும் இழுக்கிறது. அங்கியோடு கட்டிய கால் கவசமும் சேர்ந்து எழும்பும். இங்கே இடம் கூடக்கூட அசைவு குறையும். நம்ப முடியாதவர்கள் தைத்துப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள்.

இதற்கு அந்தக் காலத் தையற்காரர் கண்ட வழி பிரான்சின் லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1364இல் ஓரே (Auray) என்ற ஊரில் நடந்த போரில் இறந்த, பிரான்சின் பிரிட்டனி (Brittany) பகுதிப் பிரபு சார்ல் த புளுவாவுடையது என்று போற்றப்படும் பஞ்சடைத்த அங்கி அது. அதன் கைத்துளை தோளோடு நிற்கவில்லை. மார்பிலும் முதுகிலும் பெரிய வட்டமாக உள்ளே வெட்டியிருக்கிறார்கள். அந்த வட்டத்தை நிரப்ப, கையின் மேல்பகுதியில் முக்கோணத் துண்டுகளைச் சேர்த்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். கை உயரும்போது உடல் பகுதி அசையாமல் நிற்கிறது. வட்டத்துக்குள் கை மட்டும் சுழல்கிறது. நான் பார்த்த வெட்டுகளில் இதைவிடப் புத்திசாலித்தனமானது இல்லை.

ஏற்கெனவே தைத்த அங்கியைத் திருத்துவதென்றால் கையைப் பிரித்தெடுத்து, கைத்துளையை முன்னும் பின்னும் உள்ளே தள்ளி வெட்டி, கைக்குப் புதிதாகத் துண்டு சேர்க்க வேண்டும். துளையின் அடிப்பகுதியைக் கீழே இறக்கிவிடாதீர்கள். அது அக்குளை ஒட்டியே இருக்கட்டும். முதலில் விலை குறைந்த காடாத் துணியில் வெட்டி, ஓட்டுத் தையல் போட்டு, கையில் வாளைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்த பிறகே நல்ல துணியில் கத்தரி வையுங்கள். பஞ்சு அடைத்தால் சுற்றளவு உள்பக்கம் குறையும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அறிகுறி: தலைக்கவசம் ஆடுகிறது, அடி விழுந்தால் தலை வலிக்கிறது

அடிக்குப் பிறகு தலைவலி, குமட்டல், பார்வை மங்கல், மந்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைக்குச் சண்டை முடிந்தது. மைதானத்தைவிட்டு வெளியே வந்து மருத்துவரைப் பாருங்கள். கவசத்தை அப்புறம் பார்க்கலாம்.

இப்போது கவசத்துக்கு வருவோம். அணிந்து தாடை வாரைப் பூட்டிக்கொண்டு, நண்பரை முன்பக்கம் பிடித்து இடமும் வலமும் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். நெற்றித் தோலும் கவசத்தோடு சேர்ந்து இழுபட்டால் பொருத்தம் சரி. கவசம் மட்டும் தனியாகத் திரும்பினால் உள்மெத்தை தளர்வு. கூம்பு வடிவ பாசினெட் தலைக்கவசத்தின் விளிம்பை ஒட்டி வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். லினனில் பஞ்சோ கம்பளியோ குதிரை மயிரோ திணித்துத் தைத்த உள்மெத்தையை அந்தத் துளைகளில் தைத்து நிறுத்துவார்கள். அதன் உச்சியில் மடல்களை ஒரு கயிற்றால் சுருக்கிக் கட்டினால், தலை மெத்தையில் தொங்கும், இரும்பைத் தொடாது. தளர்வாக இருந்தால் அந்தக் கயிற்றைச் சுருக்குங்கள். பக்கவாட்டில் மெத்தையைத் தடிமனாக்குங்கள். கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சை ஒட்டி நிரப்புவது அவசரத்துக்குக் கைகொடுக்கும். மென்மையான ஸ்பாஞ்ச் அடி விழும்போது முழுவதும் நசுங்கி, இரும்பின் வேகம் அப்படியே தலைக்கு வந்துவிடும் என்பதால் அதையே நம்பி இறங்கக் கூடாது.

மெத்தை சரியாக இருந்தும் கவசம் முன்னோக்கிச் சாய்கிறது என்றால் முகத்தகடு மிகவும் கனமாக இருக்கலாம், அல்லது தாடை வார் தவறான இடத்தில் ரிவெட் செய்யப்பட்டிருக்கலாம். பின்னோக்கி இழுத்தால் கழுத்தைச் சுற்றித் தொங்கும் வளைய வலையைப் பாருங்கள். அதன் பாரம் முதுகுப் பக்கம் அதிகமாக விழுகிறது. வலையைத் தோளில் பரவவிட்டு, முன்னும் பின்னும் நாடாவால் மார்புக் கவசத்தோடு பிடித்துக் கட்டினால் தலைக்குச் சுமை குறையும்.

பழைய தலைக்கவசத்தை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துணி போர்த்தியோ தடிமனாகப் பெயிண்ட் அடித்தோ விற்றால், அதை நீக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இந்தக் கவலை இன்றையது அல்ல. 1322இல் லண்டன் கவசக் கைவினைஞர்களுக்காக எழுதப்பட்ட விதிகளில், உடைந்த பழைய பாசினெட்டுகளுக்குத் தொழில் தெரியாதவர்கள் புதிதாகத் துணி போர்த்தி விற்கிறார்கள் என்று குறிப்பிட்டு, இரும்பு வேலை செய்பவர் அதைப் போர்த்தாமல் வெறும் இரும்பாகவே விற்க வேண்டும் என்று கட்டளை இட்டிருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுக்குப் பிறகும் அந்த விதி நமக்குப் பொருந்துகிறது. உள்ளே கைவிட்டு உச்சியைத் தடவிப் பாருங்கள். கூம்பின் நுனியை இழுத்து அடிக்கும்போது இரும்பு மெலியும் இடம் அதுதான். வெல்டிங் விட்டுப்போவதும் அங்கேதான். அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய, பிரம்பு வாளால் சண்டையிடும் சங்கத்தின் விதிப்படி தலைக்கவச இரும்பு குறைந்தது 16 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இரும்பு ஆயுதத்தால் முழு பலத்தோடு மோதும் போட்டிகளுக்கு இது போதாது. அங்கே 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக நான் யாரையும் அணிய விடமாட்டேன்.

அறிகுறி: வளையக் கவசம் தோளை அழுத்துகிறது, வளையங்கள் உதிர்கின்றன

முழங்கைவரை கையுள்ள வளையச் சட்டை சுமார் 10 கிலோ வரும். இடுப்பில் ஒரு பெல்ட் கட்டி, பெல்ட்டுக்கு மேலே சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் பாதிப் பாரம் இடுப்புக்கு இறங்கிவிடும். அதன் பிறகும் தோள் வலித்தால் சட்டை உங்களுக்குப் பெரியது. தொளதொளவென்று தொங்கும் ஒவ்வொரு வரிசையும் வீண் சுமை. பக்கவாட்டில் சில வரிசைகளைப் பிரித்தெடுங்கள்.

உதிர்வது வேறு கதை. முனைகள் ஒட்டாமல் வெறுமனே வளைத்து மூடிய வளையங்கள் என்றால் அவை உதிரத்தான் செய்யும். ஐரோப்பியக் கவசங்களில் வளையத்தின் முனைகளைத் தட்டையாக்கி, துளையிட்டு, ரிவெட் அடித்து மூடினார்கள். உதிர்வது அக்குளில் மட்டும் என்றால் அங்கே சட்டை இறுக்கமாக இருக்கிறது. புதிய வளையங்களைச் சேர்த்து அகலப்படுத்த வேண்டும். அதே இடத்தை மறுபடி மறுபடி ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

அறிகுறி: கம்பளிக் காலுறை முழங்காலில் தொள்ளையாகிறது, குந்தினால் கிழிகிறது

துணியை நூலோட்டத்துக்கு நேராக வெட்டியிருக்கிறீர்கள். கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டினால்தான் கம்பளி நீண்டு சுருங்கும். ஸ்வீடனில் வார்பெரி நகருக்கு அருகில் 1936இல் சதுப்பு நிலத்திலிருந்து எடுத்த 14ஆம் நூற்றாண்டு மனிதனின் முழு உடையும் கிடைத்திருக்கிறது. காலுறை தைக்கும் முன் அதன் படங்களைப் பாருங்கள்.

அறிகுறி: விரல்கள் நசுங்குகின்றன

இடை சிறுத்த உடுக்கை வடிவத் தகட்டுக் கையுறைகள்தான் இந்தக் காலத்துக்கு உரியவை. கேன்டர்பரி பேராலயத்தில் இருக்கும், 1376இல் இறந்த இங்கிலாந்தின் 'கறுப்பு இளவரசர்' எட்வர்டின் கையுறைகள் இதற்கு நல்ல சான்று. விரல் நசுங்கினால் மூன்று இடங்களைப் பாருங்கள். உள்ளே இருக்கும் தோல் கையுறை நழுவினால் விரல் தகடு மூட்டை விட்டு விலகும். விரல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று போதுமான அளவு ஏறாமல் இருந்தால், மடக்கும்போது இடைவெளி திறக்கும். வாளைப் பிடித்து முறுக்கும்போது கட்டை விரல் தகடு வெளியே ஒதுங்கினால் கீல் தவறான கோணத்தில் இருக்கிறது. கையுறையை எப்போதும் வாளைப் பிடித்துக்கொண்டே சோதியுங்கள். வெறுங்கையில் எல்லாக் கையுறையும் நன்றாகத்தான் இருக்கும்.

அறிகுறி: மயக்கம், உடல் கொதிப்பு, வியர்வை நின்றுபோவது

இது கவசக் கோளாறு அல்ல, உயிர் ஆபத்து. வியர்வை நிற்பதும் பேச்சு குழறுவதும் வெப்பத் தாக்கின் அடையாளங்கள். தலைக்கவசத்தையும் கையுறையையும் முதலில் கழற்றி, வார்களை அறுத்தாவது மார்பைத் திறந்து, நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒவ்வொரு வீரரின் எந்த வார் எங்கே பூட்டியிருக்கிறது என்பது உடன் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சண்டைக்கு முன்பே காட்டிவையுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு பொருளுக்கும் ஆதாரம் இருக்கிறது, சேர்த்து அணிந்தால் பொய்யாகத் தெரிகிறது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ஏனென்றால் இதைச் சுத்தியலாலோ ஊசியாலோ சரிசெய்ய முடியாது. நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கும் 13ஆம் நூற்றாண்டு விவிலிய ஓவியங்களிலிருந்து அங்கி, 1361ஆம் ஆண்டுப் புதைகுழியிலிருந்து மார்புக் கவசம், 1390களின் முகத்தகடு, 1450க்குப் பிந்தைய காலணி என்று கூட்டினால், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டலாம். ஆனால் அப்படி உடுத்திய மனிதர் எந்த ஆண்டிலும் வாழவில்லை.

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஆதாரம், ஆண்டு, ஊர் என்று எழுதுங்கள். பிறகு ஆண்டுகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். துருத்திக்கொண்டு நிற்பது எது என்று தானாகத் தெரியும். முழு வேகச் சண்டைப் போட்டி நடத்தும் அமைப்புகளும் கவசம் ஒரே காலத்தையும் வட்டாரத்தையும் சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அங்கே போவதற்கு முன் இந்தத் தாள் கையில் இருப்பது நல்லது.

ஆண்டை எழுதும்போது எந்த ஆண்டு என்று யோசியுங்கள். பால்டிக் கடலில் உள்ள கோட்லாந்து தீவில், விஸ்பி நகர மதிலுக்கு வெளியே 1361 ஜூலை 27 அன்று, டென்மார்க் அரசர் வால்தெமாரின் படை உள்ளூர் விவசாயப் படையை அழித்தது. இறந்தவர்களைக் கவசத்தோடே பெருங்குழிகளில் புதைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது, துணிக்கோ தோலுக்கோ உள்ளே இரும்புத் தகடுகளை ரிவெட் செய்த மார்புக் கவசங்கள் இருபதுக்கும் மேல் கிடைத்தன. 1361 என்பது அவை மண்ணுக்குள் போன ஆண்டு; செய்யப்பட்ட ஆண்டு அல்ல. தாத்தாவின் கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்த விவசாயி அந்தக் குழியில் இருந்திருக்கலாம். அதை வைத்து 1361ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பிரபுவுக்கு வேடம் கட்டினால் காலமும் தவறு, வட்டாரமும் தவறு, தகுதியும் தவறு.

கல்லறைச் சிலைகளில் வேறு சிக்கல். கேன்டர்பரியில் எட்வர்டின் செப்புச் சிலை கவசத்தின் ஒவ்வோர் ஆணியையும் காட்டுகிறது. பாசினெட் அணிந்த தலை, அவருடைய பெரிய தலைக்கவசத்தின்மேல் சாய்ந்திருக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டு வகையும் இருந்தன என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஆனால் படுத்திருக்கும் சிலைக்கு முதுகு தெரியாது. மார்புக் கவசத்தின் வார் முதுகில் எங்கே பூட்டுகிறது என்ற கேள்வியில்தான் புதியவர்கள் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதற்கு நிற்கும் சிலையைத் தேடுங்கள். பிராக் நகரில் இருக்கும், 1373இல் வார்த்த புனித ஜார்ஜ் வெண்கலச் சிலையைச் சுற்றிவந்து பார்க்க முடியும். அது போகீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதியின்) வழக்கம் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வாள் விளிம்பில் பற்கள், கவசத்தில் துரு

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் விளிம்பை விரலால் தடவாமல், பழைய துணியால் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கிறது. அரத்தால் நீளவாக்கில் ராவி மழுக்குங்கள். விளிம்பு 2 மில்லிமீட்டரைவிட மெலிந்தால் அந்த வாளைச் சண்டைக்கு எடுக்காதீர்கள்.

துருவுக்குக் காரணம் மழையைவிட வியர்வைதான். அன்றைக்கே துடைத்து, எண்ணெயோ மெழுகோ பூசுங்கள். வளையக் கவசம் துருப்பிடித்துவிட்டால் உலர்ந்த மணலோடு ஒரு டிரம்மில் போட்டு உருட்டுங்கள். மத்தியகாலத்திலும் பீப்பாயில் போட்டு உருட்டித்தான் சுத்தம் செய்தார்கள். தோல் வார்களின் அடியில் இருக்கும் துருவை மறக்க வேண்டாம். பஞ்சடைத்த அங்கி முழுவதும் காயாமல் அதன்மேல் இரும்பை மடித்து வைத்தால் மறுநாளே செம்புள்ளிகள் வரும். அங்கியை வெயிலில் தனியாகத் தொங்கவிட்டு, தையல் இடுக்குகளை அழுத்திப் பார்த்து, ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகு இரண்டையும் வெவ்வேறு பைகளில் வையுங்கள்.